குறுக்கே போன ஐந்து கோடுகள்

கிரீட் தீவுக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆனால் அங்கே மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் இடிந்துபோன ஓர் அரண்மனையைப் பற்றி எது கேட்டாலும் சொல்லிவிடுவேன். எந்த அறைக்கு எத்தனை வாசல், எந்த வாசலில் நின்றால் எந்தச் சுவர் மறைக்கும், கிடங்கிலிருந்து வடக்கு மண்டபத்துக்கு எண்ணெய் ஜாடி தூக்கிப் போக எத்தனை திருப்பம் என்பதெல்லாம் எனக்குப் பாடம். பதினோரு வருடம் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி அறையில் உட்கார்ந்து அந்த அரண்மனைக்குள் ஆட்களை நடக்கவிட்டுக்கொண்டிருந்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலைதான். ஊரில் என் அண்ணன் கடைசிவரை நம்பவில்லை.

போன மாதம் அந்த வேலையிலிருந்து வெளியே வந்தேன். எங்கள் பிரிவை இன்னொன்றோடு இணைத்தார்கள். விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். ஐம்பத்தேழு வயதில் எடுத்துக்கொண்டேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரைப் பார்த்துக்கொள்ளும் பிரசன்னா, இதே துறையில் ஒரு கம்பெனியில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பையன், வீட்டுக்கு வந்தான். "உமாக்கா, நீங்கள்லாம் கதவு ஒவ்வொண்ணையும் கையாலயா போட்டீங்க? இப்ப பிளானைக் காட்டினா அதுவே சுவரு, கதவு, ஆளு எல்லாம் போட்டுக்குது. மலருக்கு எழுதுங்கக்கா. டிப்ஸ் மாதிரி." டிப்ஸ் எதுவும் என்னிடம் இல்லை. நடந்த ஒன்று இருக்கிறது. அதையே எழுதுகிறேன்.

வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அரண்மனைகளைக் கட்டியவர்களை மினோவன்கள் என்கிறார்கள். அவர்கள் மொழியை யாராலும் படிக்க முடியவில்லை. மிச்சமிருப்பது சுவர்களின் அடிப்பாகம்தான். எந்த அறை எல்லோரும் வந்துபோன இடம், எது ஒதுங்கிய இடம் என்பதைச் சுவர்களை வைத்தே ஊகிக்க வேண்டும். அகழ்வாய்வு வரைபடத்தைக் கோடு கோடாகக் கணினியில் ஏற்றுவோம். பிறகு அதற்குள் சின்னப் புள்ளிகளை இறக்குவோம். ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். எதிரில் தெரிவதைப் பார்த்து, வழியைத் தேர்ந்து, நடக்கும். ஆயிரக்கணக்கான தடவை நடக்கவிட்ட பிறகு அதிகம் மிதிபட்ட தரை சிவப்பாகவும் மிதிபடாத தரை நீலமாகவும் தெரியும். அவ்வளவுதான்.

திருச்சியில் சிவில் படித்தேன். கணவரோடு இங்கே வந்து, ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்குக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று வரைகிற வேலையில் சேர்ந்தேன். முதல் மாதம் நான் போட்ட குறுக்கு வழியில் ஒரு வண்டிகூடப் போகவில்லை. ஏன் என்று திரையைப் பார்த்து மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நான்காம் நாள் கீழே இறங்கிப் போய் நின்றபோது தெரிந்தது: மூன்று மணிக்கு மேல் மேற்கு ஷட்டர் வழியாக வெயில் நேராக ஓட்டுநர் கண்ணில் அடித்தது. சூப்பர்வைசர் சிரித்துவிட்டு, "உன் படத்தில் சூரியன் இல்லை" என்றார். அந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் என் மேலதிகாரி ஜூடித். அகழ்வாய்வுக்காரர். நான் சேர்ந்தபோதே அறுபதை நெருங்கியிருந்தார். இந்த ஊர் ஜூலைக் குளிரிலும் செருப்புதான் போடுவார். தவறு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எது சொன்னாலும் "காட்டு" என்பார். இந்தச் சுவரில் கதவு இருக்கிறது என்றால், "காட்டு." வரைபடத்தின் மீது கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டிக்கொண்டே போவார். கோடு விட்டுப்போன இடத்தில் நகம் நிற்கும். "இது கதவா, மண்வெட்டி பட்ட இடமா?"

ஒவ்வொரு இடைவெளிக்கும் எண் கொடுப்போம். நிலைக்கல், அதாவது வாசலின் அடியில் பதித்த கல், கிடைத்திருந்தால் அது கதவு. கல் இல்லை, ஆனால் இருபுறமும் சுவர் சீராக முடிகிறது என்றால் அது இருந்திருக்கக்கூடிய கதவு. மூன்றாவதாக ஒன்று உண்டு. அதற்கு ஜூடித் வைத்த பெயரை நான் தமிழில் ஆசைக்கதவு என்று சொல்லிக்கொள்வேன்: அங்கே ஒரு வழி இருந்தால் நம் கருத்துக்கு நன்றாக இருக்குமே என்பதற்காகவே திறக்கிற கதவு. முதல் ஓட்டத்தில் ஆசைக்கதவுகள் அத்தனையும் மூடியிருக்க வேண்டும். அது அவருடைய சட்டம். அந்த அரண்மனையில் சில மண்டபங்களுக்குச் சுவரே கிடையாது. தூண்களுக்கு நடுவே வரிசையாகக் கதவுகள்தான். நான்கு கதவு உள்ள ஒரு வரிசையைத் திறந்தும் மூடியும் பதினாறு விதமாக வைக்கலாம். பதினாறையும் ஓட்டச் சொல்வார். ஒரு மண்டபத்துக்கு ஒரு வாரம் போகும்.

இன்னொரு சட்டம், கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு. எந்த ஆளின் நடையையாவது கணக்கிலிருந்து எடுத்தால், எதற்காக எடுத்தோம் என்று அதில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புள்ளி சுவரில் மாட்டிக்கொண்டது, கணினி நின்றுபோனது, எதுவானாலும். எங்களிடம் ஆராய்ச்சி செய்ய வரும் மாணவர்கள் முதலில் படிப்பது அந்த நோட்டைத்தான்.

அந்த அரண்மனைக்கு நடுவில் ஒரு பெரிய முற்றம். ஐம்பது மீட்டர் நீளம், அதில் பாதி அகலம். ஜூடித்துக்கு இருபது வருடமாக ஒரு எண்ணம்: அந்த முற்றம் குறுக்கே கடப்பதற்காகக் கட்டியது அல்ல, ஓரமாகச் சுற்றிவருவதற்குக் கட்டியது. மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் புள்ளிகளும் ஒப்புக்கொள்ளவில்லை; எத்தனை முறை ஓட்டினாலும் மூலைக்கு மூலை குறுக்கே ஓடின. ஜூடித் ஒருநாள் கேட்டார், "இவர்களுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தது யார்?" எங்கெங்கோ கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் நடந்தவர்களை அளந்து எடுத்த விதிகள் அவை என்றேன். "அப்படியென்றால் இவர்கள் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள்" என்றார். உண்மையான மனிதர்களை, உண்மையான அளவில் கட்டிய முற்றத்தில் நடக்கவிட்டு, அந்த நடையைப் புள்ளிகளுக்குக் கற்றுக்கொடுப்பது என்று முடிவாயிற்று.

பிளாக்ஹவுஸ் பே பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் நெட்பால் மைதானத்தைச் சனிக்கிழமைக்குக் கேட்டு வாங்கினோம். ஆள் உயரக் கம்பம் நட்டுக் கறுப்புத் துணி கட்டிச் சுவர்கள் எழுப்பினோம். தார்த்தரையில் முளை இறங்காது என்பதால் தண்ணீர் நிரப்பிய கேன்களை அடியில் வைத்தோம். அப்படியும் காற்றில் மேற்குச் சுவர் இரண்டு தடவை விழுந்தது. ஆளைத் தூக்கும் வண்டி ஒன்றை நிறுத்தி உயரத்தில் கேமரா. நடப்பவர்களுக்கு எண் எழுதிய தொப்பி. அரண்மனையில் முற்றத்தின் நடுவே ஒரு கல் மேடையின் அடிப்பாகம் கிடைத்திருந்தது. அதற்காக ஒரு நீல பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து வைத்து, மேலே வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போட்டேன். விரிப்பை இஸ்திரி போட்டு எடுத்துவந்தவள் நான்தான்.

ஆட்கள்? சாப்பாட்டுக்கு மட்டும்தான் நிதி இருந்தது. "சாப்பாடு இருந்தால் எங்கள் ஆட்கள் வருவார்கள்" என்றேன். "எத்தனை பேர்?" என்றார் ஜூடித். "எத்தனை பேர் வேண்டும்?" என்றேன். நாற்பத்தொரு பேர் வந்தார்கள். எங்கள் சங்கத்தார், கோயில் நண்பர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். நான் புளியோதரை செய்தேன். ஒடாஹுஹுவில் மளிகைக்கடை வைத்திருக்கும் சிவமலர் அக்கா இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்தார்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மேற்கு வாசலில் ஃபீஜோவாப் பழக்கூடையை எடுத்து, முற்றத்துக்கு அந்தப் பக்கம் கிழக்கு அறையில் வைத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். எப்படிப் போக வேண்டும் என்று சொல்லக்கூடாது. ஏழாம் எண் தொப்பியோடு வந்து நின்றார் அக்கா.

"இந்தக் கூடையைக் கொண்டுபோய் அங்கால வைக்கிறதோ? அவ்வளவுதானோ? இதுக்கோ இவ்வளவு துணி கட்டினனீங்கள்?"

"அவ்வளவுதான் அக்கா. சாதாரணமா நடந்தாப் போதும்."

"என்ர கடைக்கு வந்து படம் பிடிச்சிருக்கலாமே, பிள்ளை. நாள் முழுக்க நான் இதைத்தானே செய்யிறன்."

கூடையோடு முற்றத்தின் ஓரம்வரை போனார். நின்றார். நடுவில் வெள்ளை விரித்த தொட்டியைப் பார்த்தார். இடப்பக்கம் திரும்பி, அதை வலப்புறம் வைத்து, ஓரமாகச் சுற்றிப் போனார். அவருக்குப் பின்னால் காத்திருந்த ரமேஷ், சென்னைக்காரர், ஐடியில் இருப்பவர், கத்தினார்: "என்னக்கா, நேரா போனா பக்கம்தானே?"

"நடுவில ஒண்டை வைச்சு வெள்ளை விரிச்சிருக்கு. குறுக்கால போறதே, தம்பி?"

"அதுவும் சரிதான்" என்று ரமேஷும் இடப்பக்கம் திரும்பினார்.

இந்தப் பேச்சை நான் மூன்றடி தூரத்தில் நின்று கேட்டேன். சிரித்தேன். கையில் குறிப்பேடு இருந்தது, எதுவும் எழுதவில்லை.

வளர்ந்தவர்கள் முப்பத்தாறு பேரும் போகும்போது வடக்கு ஓரமாகவும் வரும்போது தெற்கு ஓரமாகவும் ஒரு வட்டம் முடித்தார்கள். கடைசியில் பிள்ளைகள் ஐந்து பேர். அதில் என் மகள் நிவேதா ஒருத்தி, முப்பத்தெட்டாம் எண். அப்போது அவளுக்குப் பதினேழு. அந்த வருடம் எங்களுக்குள் சரியான பேச்சு இல்லை. அவள் வண்டி ஓட்ட ஆரம்பித்திருந்தாள். அவள் எங்கே இருக்கிறாள் என்று என் போனில் தெரிகிறமாதிரி வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை பார்ப்பேன்; ஒரே இடத்தில் நின்றால் ஏன் நிற்கிறாள் என்று பயம், நகர்ந்தால் எங்கே போகிறாள் என்று பயம். அவளுக்கு அது தெரியும்.

ஐந்து பேரும் நேராக நடுவில் போனார்கள். திரும்பி வரும்போது நிவேதா அந்தத் தொட்டியின் மேலேயே உட்கார்ந்து, ஒரு ஃபீஜோவாவை நகத்தால் பிளந்து தின்றாள்.

"நிவி! எந்திரி! எல்லாரும் பாக்கறாங்க."

அவள் எனக்கு எப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். "சாதாரணமா நடக்கச் சொன்னீங்க. இதுதான் என் சாதாரணம்."

"விடும் பிள்ளை, சின்னதுகள்தானே" என்றார் அக்கா. அவர் சமாதானம் சொன்னதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. சங்கமே பார்த்துக்கொண்டிருந்தது. ஜூடித் மட்டும் அந்த ஆளைத் தூக்கும் வண்டியில், மேலே, கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நடைகளைக் கோடுகளாக மாற்றினேன். முப்பத்தாறு கோடுகள் அழகான ஒரு வளையமாக வந்தன. ஐந்து கோடுகள் அதை வெட்டிக்கொண்டு குறுக்கே போயின. முப்பத்தெட்டாம் கோடு நடுவில் நான்கு நிமிடம் நின்று நூல்கண்டு மாதிரிச் சுருண்டிருந்தது. அதை எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் எடுத்தால் கேள்வி வரும் என்று மற்ற நான்கையும் எடுத்தேன். பிறகு கறுப்பு நோட்டைத் திறந்தேன். 'என் மகள் விளையாடினாள்' என்று எழுதியிருக்கலாம். மாணவர்கள் படிக்கும் நோட்டு. 'தொப்பி எண் தெரியவில்லை' என்று ஐந்து முறை எழுதி ஐந்து முறை கையெழுத்துப் போட்டேன். இரண்டு நிமிட வேலை.

புள்ளிகளுக்கு அந்த நடையைக் கற்றுக்கொடுத்து அரண்மனைக்குள் விட்டோம். ஆசைக்கதவுகள் எல்லாம் மூடியிருந்தன. திரையில் முற்றத்தின் ஓரம் சிவந்து, நடு நீலமாகவே இருந்தது. ஜூடித் பின்னால் நின்று பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "மறுபடி காட்டு" என்றார். மறுபடி காட்டினேன். இரண்டு வாசல்களில் நிலைக்கல் ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருப்பதாகத் தோண்டியவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். எங்கள் புள்ளிகளும் அதே பக்கம்தான் மிதித்தன. இருபது வருடம் அவர் சொன்னது. அன்று மத்தியானம் அவர் எனக்குக் காப்பி வாங்கிக்கொடுத்தார்.

கட்டுரை எழுதினோம். அவர் பெயர், அடுத்து என் பெயர். ஒரு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. வருடக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அவருடைய விடைபெறும் உரையே அதுதான் என்று முடிவானது.

அச்சுக்கு முன் வந்த படத்தைச் சரிபார்க்க வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் விரித்திருந்தேன். நிவேதா பகுதிநேர வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். டோஸ்ட்டைக் கடித்தபடி குனிந்து பார்த்தாள்.

"அன்னைக்கு நடந்ததா இது? இதுல நான் எங்க?"

அவள் கீழே இருந்த வரியைப் படித்தாள்.

"முப்பத்தாறு பேர்னு போட்டிருக்கு. நாப்பத்தொண்ணு இல்ல?"

"அஞ்சு பேரோட தொப்பி கேமரால சரியா விழல."

"எங்க அஞ்சு பேரோடது மட்டுமா?"

"நீ விளையாடிட்டு இருந்த, நிவி."

"நான் நடந்தேன்" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கும்பிட்டுவிட்டுச் சுற்ற ஆரம்பித்தேன். மனம் நிவேதாவிடம் இருந்தது. கால்கள் தாமாக இடப்பக்கம் திரும்பின. பாதி சுற்றில் கீழே பார்த்தேன். எனக்கு முன்னால் ரமேஷ், அவருக்கு முன்னால் அவர் மனைவி, இன்னும் நாலைந்து தெரிந்த முகங்கள். எல்லோரும் நடுவை வலப்புறம் வைத்து, ஓரமாக, ஒரே திசையில். நெட்பால் மைதானத்தில் நடந்த அதே ஆட்கள். அதே நடை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என் மேல் மோதிக்கொண்டார்.

எங்கள் புள்ளிகள் மினோவன்களைப் போல நடக்கவில்லை. எங்களைப் போல நடந்தன. அதைக் கண்டுபிடிக்க உலகத்தில் ஒருத்தியால்தான், என்னால்தான், முடிந்திருக்கும். அவளுக்கும் அது கண்ணில் படவில்லை, ஏனென்றால் அவளும் அப்படித்தான் நடந்திருப்பாள்.

திங்கட்கிழமை ஜூடித்தின் அறைக்குப் போனேன். பாதிப் புத்தகங்கள் பெட்டிக்குள் போயிருந்தன. நோட்டை அவர் முன் திறந்துவைத்தேன்.

"தொப்பி எண் தெரியவில்லையா?" என்றார்.

"தெரிந்தது. ஒன்று என் மகள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் ஐந்தையும் எடுத்தேன்."

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. "ஐந்தையும் போட்டு ஓட்டு" என்றார். ஓட்டினேன். நடுவில் வெளிறிய கீற்றுகள் வந்தன. வளையம் அப்படியே சிவப்பாக நின்றது.

அவர் மூச்சு விட்டார். "படம் மாறவில்லை, உமா. அடிக்குறிப்பு போட்டுவிடலாம்."

அப்போதே நான் எழுந்து வந்திருக்கலாம். செய்த பொய்யைச் சொல்லியாயிற்று, மன்னிப்பும் கிடைத்தாயிற்று. இன்னொன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. வாழ்நாள் வேலை ஒன்று ஒரு வாரத்தில் அச்சேறப்போகிறது. அவர் பெட்டியை ஒட்ட டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அந்த முப்பத்தாறு பேரும் கோயிலுக்குப் போகிறவர்கள்" என்றேன்.

"அதனால்?"

"நடுவில் ஒன்று இருந்தால் நாங்கள் குறுக்கே போகமாட்டோம். இடப்பக்கமாகத் திரும்பிச் சுற்றுவோம். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்."

டேப் அவர் கையிலேயே இருந்தது. அதைப் பெட்டிமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "காட்டு."

சனிக்கிழமை அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். கையில் ஆட்களை எண்ணும் சின்ன இயந்திரம். ஒரு மணி நேரம் டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டிருந்தார். சிவமலர் அக்கா என் பக்கம் வந்தார்.

"இவ உங்கட பெரியவவெல்லோ? ஏன் சுவரோட இருக்கிறா? கால் நோகுதோ? பிரசாதம் குடுத்தனீங்களோ?"

என் பதிலுக்குக் காத்திராமல் ஒரு தொன்னையில் சுண்டலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஜூடித் அதை வாங்கிக்கொண்டு அக்காவிடம் கேட்டார்: அன்று மைதானத்தில் ஏன் சுற்றிப் போனீர்கள்? அது வெறும் பிளாஸ்டிக் தொட்டிதானே? அக்காவின் ஆங்கிலம் கடைக்காரர் ஆங்கிலம், நன்றாகவே இருக்கும். ஆனால் இந்தக் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வேற எப்பிடிப் போறது? இதையும் ஒரு கேள்வியெண்டு கேக்கிறா."

மொழிபெயர்த்துச் சொன்னேன். அன்று மைதானத்தில் ரமேஷிடம் அவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். ஜூடித் அந்த எண்ணும் இயந்திரத்தைப் பைக்குள் போட்டார். சுண்டலை ஒன்று மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

காரில் வரும்போது பேசினார். "அவர்களும் சுற்றித்தான் நடந்திருக்கலாம்."

"இருக்கலாம்."

"நான் சொன்னது சரியாகவே இருக்கலாம்." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஆனால் இந்தப் படம் அதைச் சொல்லவில்லை. இது ஒடாஹுஹுவைப் பற்றிச் சொல்கிறது." சிரிக்க முயன்றார் என்று நினைக்கிறேன். சிறிது தூரம் போன பிறகு கேட்டார்: "அந்த அம்மா அன்றைக்கே வாய்விட்டுச் சொன்னார் என்கிறாய். நீ கேட்டாய்."

"கேட்டேன்."

"கேட்டும், அது ஒரு விஷயமாகவே உனக்குப் படவில்லை."

"ஆமாம்."

அவர் திட்டியது அவ்வளவுதான். அது திட்டே இல்லை என்றும் தெரியும். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் வேலை செய்தேன். முன்பு செய்த எல்லாவற்றையும் மனதில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எந்தெந்த வாசலில் என் கால் முந்திக்கொண்டதோ, எதை நான் இயல்பு என்று எழுதாமல் விட்டேனோ, கண்டுபிடிக்க வழி இல்லை. எழுதாததை எந்த நோட்டில் தேடுவது? பிரசன்னா டிப்ஸ் கேட்டான். தம்பி, உங்கள் இயந்திரத்துக்கும் யாரோ நடந்து காட்டியிருப்பார்கள். அவர்கள் யார் என்று ஒருமுறை கேட்டு வையுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவே.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். கடிதத்தை ஜூடித் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கருவிக் கோளாறு என்று போடலாமா என்று கேட்டேன். அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். ஆய்விதழ் அந்தக் கடிதத்தை ஒரு குறிப்பாக வெளியிட்டது. இரண்டே பத்தி. நடந்தவர்கள் அனைவரும் ஒரே வழிபாட்டுப் பழக்கம் உடையவர்கள் என்பது ஒரு பத்தி. ஆசிரியர்களில் ஒருவரின் மகள் உட்பட ஐந்து பேரின் நடை தவறான காரணம் காட்டி நீக்கப்பட்டது என்பது இன்னொரு பத்தி. கீழே இரண்டு பெயர்கள். விடைபெறும் நாளில் அவர் உரை எதுவும் நிகழ்த்தவில்லை. கேக் வெட்டினார், எல்லோருக்கும் நன்றி சொன்னார், பெட்டிகளைக் காரில் ஏற்ற நான் உதவினேன். வண்டியைக் கிளப்பும் முன் கண்ணாடியை இறக்கி, "நோட்டைத் தொடர்ந்து எழுது" என்றார்.

குறிப்பு வெளியான இதழை வீட்டுக்குக் கொண்டுவந்து நிவேதாவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். இரண்டாம் பத்தியில் அவள் விரல் நின்றது.

"இது நான்தானே?"

"ஆமா."

"ஜூடித் திட்டினாங்களா?"

"இல்ல."

"வேலைக்குப் பிரச்சினை?"

"இல்ல. அவங்க பேச்சு மட்டும் நடக்கல."

அவள் இன்னொரு முறை படித்தாள். "அன்னைக்கு நீங்க நடந்திருந்தா எப்படிப் போயிருப்பீங்க?"

"சுத்தித்தான்."

"தெரியும்" என்றாள். சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று. இதழை மடித்து என்னிடம் கொடுத்தாள். "திட்டணும்னா திட்டுங்கம்மா. அங்கயே, எல்லார் முன்னாடியும்கூடத் திட்டுங்க. ஆனா நான் நடந்ததை எடுக்காதீங்க."

சரி என்றேன். அவள் கார்ச் சாவியை எடுத்தாள். எத்தனை மணிக்கு வருவாய் என்று இன்றைக்கு மட்டும் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"ஒம்பதரை" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.